கோத்தகிரி மலைவீட்டில் ஆன்லைன் ஆட்டத்துக்கு எந்த ரவுட்டர் வாங்குவது?

கோத்தகிரிக்கு அருகே அரவேணுப் பக்கத்தில், ஒன்றரை அடி கனமுள்ள கற்சுவர்களைக் கொண்ட பழைய வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருப்பதாகவும், நீங்கள் கணினியில் வேலரன்ட்டும் தம்பி கைபேசியில் பிஜிஎம்ஐயும் ஆடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பகலில் 35 மில்லிநொடியாக இருக்கும் பிங் (தரவு சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), இரவு எட்டு மணிக்கு மேல் 200ஐத் தாண்டுகிறது. மூடுபனி இறங்கிய நாட்களில் நிலைமை இன்னும் மோசமாகிறது. இதற்காகச் சேர்த்துவைத்திருக்கும் 12,000 ரூபாயில், எட்டு ஆன்டெனா வைத்த ‘கேமிங் ரவுட்டர்’ ஒன்றை வாங்கினால் குறை தீருமா என்பது உங்கள் கேள்வி.

குன்னூரில் இருந்துகொண்டு பதினான்கு ஆண்டுகளாக வீடுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் இணையக் கம்பி இழுத்துவருபவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். உங்கள் பணத்தில் ஏறத்தாழ பாதியை மட்டும் ரவுட்டருக்கு ஒதுக்கி, மீதியைக் கம்பிக்கும் மின்சாரப் பாதுகாப்புக்கும் செலவிடுங்கள். ரவுட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்க்காமல், நெரிசலான நேரத்தில் அது வரிசையை எப்படி நடத்துகிறது என்பதைப் பாருங்கள். ஏன் அப்படி என்பதைத்தான் இனி விரிவாக எழுதுகிறேன்.

பலர் ஆடும் துப்பாக்கி ஆட்டம் ஒன்று இணையத்தில் செலவழிக்கும் தரவு மிகக் குறைவு. பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. ஆனால் அந்தச் சிறிய தரவுப் பொட்டலங்கள் ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேலரன்ட் சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. அதாவது 8 மில்லிநொடிக்குள் ஒரு கணக்கீடு முடிந்துவிடுகிறது. படம் பார்க்கும்போது ஒரு நொடி தாமதமானாலும் டிவி முன்கூட்டியே சேர்த்துவைத்திருப்பதைக் காட்டிச் சமாளித்துவிடும். ஆட்டத்தில் முன்கூட்டிச் சேர்த்துவைக்க ஒன்றுமில்லை, ஏனெனில் எதிரி அடுத்து என்ன செய்வான் என்பது இன்னும் நடக்கவே இல்லை. ஆகவே 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினால் உங்கள் ஆட்டம் மேம்படும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாத ஒரு அளவும் உண்டு. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் செல்லும். வேலரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. நீலகிரியிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 950 கிலோமீட்டர், எனவே போய்வர ஒளிக்கே 9 முதல் 10 மில்லிநொடி பிடிக்கும். ஆனால் கம்பி நேர்கோட்டில் போவதில்லை. மலையிலிருந்து இறங்கி, கோவையைத் தொட்டு, பெரும்பாலும் சென்னை அல்லது பெங்களூரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மும்பையை அடைகிறது. வழியில் ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்தால், பகலில் நீங்கள் காணும் 35 என்பது நம் மலைக்கு நல்ல எண் என்றே சொல்வேன். அந்த 35ஐ 20 ஆக்கித் தருவதாகச் சொல்லும் பெட்டி பொய் சொல்கிறது. இரவிலும் அது 35 முதல் 45க்குள் நிற்குமாறு செய்வதுதான் நம் வேலை.

இரவில் ஏன் ஏறுகிறது? மே மாதச் சனிக்கிழமை ஒன்றில், மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியை நினைத்துப் பாருங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதால், சாவடியில் சுற்றுலாப் பேருந்துகளும் கார்களும் வரிசையாக நிற்கின்றன. சாவடியைத் தாண்டிவிட்டால் கோத்தகிரி வரை சாலை காலியாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டுப்பாளையத்துக்குப் போய்த் திரும்பும் உள்ளூர்க்காரரின் இருசக்கர வண்டியும் அந்த நாற்பது பேருந்துகளுக்குப் பின்னால் நின்றுதான் ஆக வேண்டும். உங்கள் வீட்டு இணையத்தில் நடப்பதும் இதுவே. ஹாலில் டிவி படத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கைபேசி அன்று எடுத்த புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. இணைப்பின் நுழைவாயிலில் நீண்ட வரிசை உண்டாகிறது. உங்கள் துப்பாக்கிக் குண்டைச் சுமந்த சிறிய பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்கள் திட்டத்தில் மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். ரவுட்டரோ ஃபைபர் பெட்டியோ ஒரு மெகாபைட் அளவுக்கு வரிசையைச் சேர்த்துவைக்கிறது என்றால், அது 8 மெகாபிட். அதைக் காலி செய்ய 0.8 நொடி, அதாவது 800 மில்லிநொடி ஆகும். மேலேற்றும் வேகமும் 100 எம்பிபிஎஸ்ஸாக இருந்தால்கூட அதே வரிசைக்கு 80 மில்லிநொடி பிடிக்கும். பொட்டலத்தை இழந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் கருவி செய்பவர்கள் நினைவகத்தைப் பெரிதாக வைத்ததால் வந்த வினை இது. 2010ஆம் ஆண்டளவில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்து, ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டு ஊரறியச் செய்தார். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் ‘கோடல்’ என்ற தீர்வை வெளியிட்டார்கள். பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதை அளந்து, காத்திருப்பு நீண்டால் அனுப்புபவரை வேகம் குறைக்க வைப்பது அதன் சாரம். பின்னர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுக்கும் ‘எஃப்கியூ-கோடல்’ வந்தது. 2018இல் அது ஆர்எஃப்சி 8290 என்ற இணையப் பொறியியல் ஆவணமாக வெளியானது. அதே ஆண்டு லினக்ஸ் 4.19இல் சேர்ந்த ‘கேக்’ என்ற முறை, ஒவ்வொரு கருவிக்கும் பங்கைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கவும் கற்றுக்கொண்டது. பேருந்துகளுக்கு ஒரு வரிசை, இருசக்கர வண்டிக்கு இன்னொரு வரிசை என்று சாவடியில் பிரித்துவிட்டதைப் போன்ற ஏற்பாடு இது.

ஆகவே ரவுட்டரில் நான் முதலில் தேடுவது இந்த வசதியைத்தான். ‘எஸ்கியூஎம்’ என்றோ, ‘கேக்’, ‘எஃப்கியூ-கோடல்’ என்றோ அமைப்புப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே ‘கியூஓஎஸ்’ என்றோ ‘கேம் மோட்’ என்றோ எழுதியிருந்தால் அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அவற்றில் பல, ஆட்டங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு முன்னுரிமை கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. பட்டியலில் இல்லாத ஆட்டத்தை அவை கண்டுகொள்வதில்லை. வரிசையின் நீளத்தையும் குறைப்பதில்லை.

இந்த வசதியை இயக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 95 சதவீதத்தை மட்டுமே ரவுட்டருக்கு வரம்பாகக் கொடுக்க வேண்டும். 100 கிடைக்கும் இடத்தில் 90 என்று குறைத்துக்கொள்வது நட்டம் போலத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால்தான் வரிசை குஞ்சப்பனையில் உண்டாகாமல் உங்கள் வீட்டு வாசலில் உண்டாகும். உங்கள் வாசலில் யார் முன்னே போவது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். பலர் இந்த எண்ணைப் போடாமல், வசதியை மட்டும் இயக்கிவிட்டு, பயனில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மனம் பொறுக்காமல் சொல்கிறேன், பத்து நிமிட வேலையில் தீரக்கூடிய குறைக்காகப் பத்தாயிரம் ரூபாய் செலவழித்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ரவுட்டரின் சில்லுக்குப் போதுமான வலு வேண்டும். சாதாரண ரவுட்டர்கள் பொட்டலங்களை மையச் செயலியைத் தொடாமல் தனிக் குறுக்குவழி ஒன்றில் கடத்துவதால்தான் ஒரு ஜிபிபிஎஸ் வேகத்தைக் காட்டுகின்றன. எஸ்கியூஎம் இயங்கும்போது அந்தக் குறுக்குவழி பொதுவாக மூடப்பட்டு, ஒவ்வொரு பொட்டலமும் செயலி வழியாகவே போகும். உங்கள் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு இரண்டு மையங்கள் (கோர்) கொண்ட நடுத்தரச் சில்லு போதும். நாளை 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறும் எண்ணமிருந்தால் நான்கு மையங்கள் கொண்ட புதிய ஆர்ம் சில்லு வேண்டியிருக்கும்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒருநாள் இரவு அளந்து பாருங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், வரிசை உங்கள் வீட்டுக்கு வெளியே இருந்தால் உலகின் எந்த ரவுட்டரும் உதவாது. கணினியில் மூன்று கட்டளைத் திரைகளைத் திறந்து, மூன்று முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். முதலாவது உங்கள் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. இரண்டாவது, இணைப்பு கொடுப்பவரின் முதல் கருவி; விண்டோஸின் டிரேசர்ட் கட்டளை கொடுக்கும் பட்டியலில் இரண்டாவது வரியில் பெரும்பாலும் அதன் முகவரி இருக்கும். மூன்றாவது, கூகுளின் பொது முகவரியான 8.8.8.8. இரவு எட்டரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் வழக்கம்போல் பயன்படுத்தும்போது அரை மணி நேரம் ஓடட்டும்.

ரவுட்டருக்கே 5, 20, 90 என்று எண்கள் துள்ளினால் குறை உங்கள் வைஃபையில் இருக்கிறது. ரவுட்டருக்கு ஒரு மில்லிநொடியும், இரண்டாவது முகவரியிலிருந்து ஏற்றமும் காணப்பட்டால், டிவியையும் எல்லாக் கைபேசிகளையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். உடனே எண் இறங்கினால் அது நான் மேலே சொன்ன வரிசை. எஸ்கியூஎம் அதைத் தீர்க்கும். அப்போதும் இறங்காவிட்டால், ஊர் முழுவதும் டிவி பார்க்கும் நேரத்தில் இணைப்பு கொடுப்பவரின் மேல்தடம் நிரம்பிவிடுகிறது என்று பொருள். ஜிபான் என்ற வீட்டு ஃபைபர் முறையில் ஒரே ஒளியிழையின் 2.488 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு மேலே கோவைக்கு இறங்கும் தடத்தைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே நெரிசல் என்றால், எடுத்த எண்களைக் காட்டி முறையிடுவதும், பயனில்லையென்றால் வேறு நிறுவனத்துக்கு மாறுவதும்தான் வழி. ரவுட்டருக்குச் செலவழிக்க வேண்டாம்.

மூடுபனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையில் கேட்கும் பத்து வீடுகளில் ஏழு வீடுகளாவது இதைச் சொல்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு, 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மூடுபனி குறைப்பது அளக்க முடியாத அளவு சிறியது. ஃபைபருக்குள் செல்லும் ஒளிக்கும் பனி ஒரு பொருட்டல்ல. ஆனால் நீங்கள் கண்டது பொய்யும் அல்ல. பனியும் சாரலும் உள்ள நாட்களில் எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், எனவே நெரிசல் மாலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. சில்வர் ஓக் மரங்களில் கட்டித் தொங்கவிட்ட ஃபைபர் காற்றில் ஆடுகிறது, குரங்குகள் பிடித்து இழுக்கின்றன, கிளை விழுந்து மடங்குகிறது. சரியாக மூடாத இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மோடம் என்று நாம் அழைக்கும் ஓஎன்டி பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், பெறும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். அது மைனஸ் 27ஐ நெருங்கினால் வழக்கமான ஜிபான் பெட்டியின் தாங்கும் எல்லை வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். வெயில் நாளில் மைனஸ் 21ஆக இருந்து மழைநாளில் மைனஸ் 26ஆக மாறினால், வெளியே எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் தேதியுடன் எழுதிக் கொடுத்தால் வரும் ஆளுக்கும் வேலை எளிதாகும். (ஃபைபரில் அல்லாமல், எதிர்மலைக் கோபுரத்திலிருந்து கிண்ண ஆன்டெனா வழியாக இணைப்பு பெறும் ஊர்களுக்கு வேறு கதை, நேர்பார்வையில் வளர்ந்துவிட்ட மரங்களின் நனைந்த இலைகள் அங்கே உண்மையாகவே சிக்னலைத் தின்னும்.)

இனி கம்பி. உங்கள் கணினி பின்னறையில், முன்ஹாலில் இருக்கும் பெட்டியிலிருந்து இரண்டு கற்சுவர்களுக்கு அப்பால் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை அடிக் கருங்கல்லை, அதுவும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஊறிய கல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஊடுருவிப் போகும் என்று எதிர்பார்ப்பது வீண். எட்டு ஆன்டெனா வைத்தாலும் அதே நிலைதான். இந்திய விதிகள் அனுமதிக்கும் ஆற்றலுக்கு மேல் எந்தப் பெட்டியும் அலைபரப்பக் கூடாது, மேலும் உங்கள் கணினியின் சிறிய ஆன்டெனாவும் திரும்பப் பேசியாக வேண்டும். வைஃபையில் ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்; தொலைவில் இருப்பவர் மெதுவாகப் பேசுவதால் மற்றவர்களும் காத்திருக்கிறார்கள். ஆகவே கணினிக்கு லேன் கேபிள் போடுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதையே செய்யுங்கள்.

கேட்-5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிபிபிஎஸ்ஸைத் தாங்கும்; கேட்-6 வாங்கினால் இன்னும் நல்லது. முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள், நம் ஈரத்தில் இரண்டு பருவமழைக்குள் முனைகளில் கெட்டுவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கற்சுவரைத் துளைக்க மனமில்லையென்றால், ஜன்னல் சட்டத்தின் ஓரமாக வெளியே எடுத்து, தாழ்வாரத்தின் கீழாக ஓட்டி, பின்ஜன்னலில் உள்ளே கொண்டுவாருங்கள். வெளியே போகும் கேபிளுக்கு வெயிலையும் மழையையும் தாங்கும் கறுப்பு உறை இருக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டால், மழைநீர் கம்பி வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஒரே கட்டடத்துக்குள் இருக்கும்வரை செம்புக் கேபிள் சரி. தனியாக நிற்கும் அவுட்ஹவுஸுக்கோ பக்கத்து வீட்டுக்கோ செம்பை ஓட்டாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தங்கும் விடுதி ஒன்றில், பிரதான வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளியிருந்த குடிலுக்கு நானே செம்புக் கேபிள் போட்டுக் கொடுத்தேன். ஏப்ரல் மாதக் கோடைமழையில் அருகே விழுந்த ஒரு மின்னலில் ரவுட்டர், சுவிட்ச், டிவி மூன்றும் ஒரே நொடியில் போய்விட்டன. மின்னல் கேபிளின் மேல் விழவில்லை. இரண்டு கட்டடங்களின் நிலத்தடி மின்னழுத்தம் அந்தக் கணத்தில் வேறுபட்டதே போதுமாக இருந்தது. அந்த இழப்பை ஈடுகட்டிய பின், கட்டடங்களுக்கு இடையே ஃபைபரும், இரு முனைகளிலும் ஒளியை மின்குறியாகவும் மின்குறியை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டரும் மட்டுமே போடுகிறேன். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

தம்பியின் கைபேசிக்கு வைஃபைதான் வழி. அவர் எந்த அறையில் ஆடுகிறாரோ அந்த அறையில் சிக்னல் கொடுக்கும் பெட்டி இருக்க வேண்டும். சுவருக்கு அப்பாலிருந்து அல்ல. உங்கள் அறைக்கு இழுத்த அதே லேன் கேபிளின் முனையில், பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டியாக) மாற்றி வைத்தால் செலவே இல்லை. கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று பேசும் மெஷ் பெட்டிகள் கற்சுவர் வீட்டில் ஆட்டத்துக்கு உதவாது. ஒவ்வொரு தாவலிலும் தாமதம் கூடும், அந்தத் தாமதமும் ஒரே சீராக இருக்காது. சானலை நீங்களே தேர்ந்து நிறுத்துங்கள்: 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை உள்ளவற்றில் ஒன்று. 52 முதல் 144 வரை உள்ள சானல்களில் ராடார் தெரிந்தால் பெட்டி உடனே வேறு சானலுக்கு மாறிவிடும், அந்த மாற்றம் ஆட்டத்தின் நடுவே நிகழலாம். 2.4 கிகாஹெர்ட்ஸைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால் 1, 6, 11 ஆகியவற்றில் அக்கம்பக்கத்தார் பயன்படுத்தாத ஒன்றில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் வீடுகளில் போட்டிக்கு வேறு வைஃபை இல்லாததால் இதுவே நன்றாக ஓடுவதும் உண்டு.

ஓஎன்டி பெட்டியைக் கழற்றி எறிய முடியாது. ஒளியை மின்குறியாக மாற்றுவது அதுதான். அதை பிரிட்ஜ் முறையில் (தரவை அப்படியே கடத்தும் வேலையை மட்டும் செய்யுமாறு) வைத்து, உங்கள் ரவுட்டரே பிபிபிஓஇ என்ற இணைப்புக் கணக்கில் நுழையுமாறு செய்து தரும்படி இணைப்பு கொடுப்பவரைக் கேளுங்கள். மறுத்தால் கவலை வேண்டாம். அதன் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து உங்கள் ரவுட்டருக்குக் கம்பி கொடுத்தால் போதும். இரட்டை நாட் (முகவரி மாற்றும் வேலையை இரண்டு பெட்டிகளும் செய்வது) என்று இதைச் சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள். சர்வர் வைத்து நடத்தும் வேலரன்ட் போன்ற ஆட்டங்களில் இதனால் பிங் ஒரு மில்லிநொடிகூட ஏறாது. பிளேஸ்டேஷன் போன்றவற்றில் நண்பர்களுடன் நேரடியாக இணையும் ஆட்டங்களில்தான் சிக்கல் வரும். அங்கேகூட, ரவுட்டரின் (பிரிட்ஜ் இல்லையென்றால் ஓஎன்டியின்) வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்குவதாக இருந்தால், பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிரும் முறையில் நிறுவனம் உங்களை வைத்திருக்கிறது என்று பொருள். அதை உங்கள் ரவுட்டரால் மாற்ற முடியாது. ஐபிவி6 கேட்பதோ நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கொடுப்பதோதான் வழி.

மலையில் நம்பகம் என்ற சொல்லுக்குப் பாதிப் பொருள் மின்சாரம். ஒரு நொடி மின்தடை போதும்: ரவுட்டர் எழுந்துவர ஒன்றரை நிமிடம், ஓஎன்டி ஒளியைப் பிடித்து மீண்டும் பதிவாக இன்னும் ஒரு நிமிடம் என்று ஆட்டம் கைவிட்டுப் போகும். வீட்டு இன்வெர்ட்டரும் மாறும் நேரத்தில் பெட்டியை அணைத்துவிடலாம்; அதில் யுபிஎஸ் முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அதைவிட எளியது, இரண்டு வெளிமுனைகள் உள்ள 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று. இரு பெட்டிகளின் அடாப்டர்களிலும் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும்; இரண்டும் 12 வோல்ட்தானா என்று பார்த்து, ஆம்பியர்களைக் கூட்டி, அதற்கு மேல் தரக்கூடியதாக வாங்குங்கள். ஈரத்தைப் பொறுத்தவரை ஒரே அறிவுரைதான்: இரவில் அணைக்காதீர்கள். இயங்கும் பெட்டி தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். மார்கழி இரவில் அணைத்துக் குளிர்ந்த பெட்டிக்குள், காலையில் அறை சூடாகும்போது நீர் கோர்க்கும். ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாமல் மரப்பலகையின் மேல் வையுங்கள்.

இப்போது எந்தப் பெட்டி என்பதற்கு வருகிறேன். ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடக்கூடிய, எல்லாத் துளைகளும் கிகாபிட் ஆன, வைஃபை 6 ரவுட்டர் ஒன்றே என் பரிந்துரை. டிபி-லிங்க் ஆர்ச்சர் வரிசையில் சில மாதிரிகளில் அந்த மென்பொருளை நிறுவலாம். ஆனால் ஒரே மாதிரிப் பெயரில் வெவ்வேறு சில்லுகளுடன் பதிப்புகள் வருவதால், அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணை ஓப்பன்-டபிள்யூஆர்டி தளத்தின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். மென்பொருளை நீங்களே ஏற்றத் தயக்கமிருந்தால், அதை அடிப்படையாகக் கொண்டே விற்பனைக்கு வரும் ஜிஎல்-ஐநெட் பெட்டிகளைப் பாருங்கள். மைக்ரோடிக் பெட்டிகளில் ரவுட்டர்-ஓஎஸ் 7 முதல் கேக், எஃப்கியூ-கோடல் இரண்டும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் ஓடும், ஆனால் அமைப்புப் பக்கம் புதியவரை மிரட்டும். நீங்கள் படித்துக்கொள்ளத் தயாரென்றால் நான் அதையே விரும்புவேன். வைஃபை 7 என்ற பெயருக்காகவோ 6 கிகாஹெர்ட்ஸுக்காகவோ இப்போது கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அந்த உயர்ந்த அலை உங்கள் கற்சுவரில் 5 கிகாஹெர்ட்ஸைவிடவும் சீக்கிரம் நின்றுவிடும். சில மலிவுப் பெட்டிகளில் வைஃபை வேகத்தைப் பெரிதாக அச்சிட்டுவிட்டு, லேன் துளைகளை மட்டும் 100 எம்பிபிஎஸ்ஸில் வைத்திருப்பார்கள், அதைக் கவனியுங்கள்.

வந்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். எஸ்கியூஎம்மை இயக்காமல் ஒருமுறை, 90 சதவீத வரம்புடன் இயக்கி ஒருமுறை என்று வேவ்ஃபார்ம் தளத்தின் பஃபர்புளோட் சோதனையை ஓட்டுங்கள். தரவிறக்கும்போதும் மேலேற்றும்போதும் தாமதம் எத்தனை மில்லிநொடி கூடுகிறது என்பதை அது தனித்தனியே காட்டும். இரண்டிலும் 10க்குள் நின்றால் வரம்பைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பாருங்கள். நிற்காவிட்டால் 85க்கு இறக்குங்கள். பிறகு அப்பாவின் கைபேசியில் புகைப்படங்களை ஏற்றவிட்டு, டிவியையும் ஓடவிட்டு, வேலரன்ட்டின் அமைப்புகளில் உள்ள தாமத வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு மேட்ச் ஆடுங்கள். நான் சொன்ன மூன்று பிங் எண்களையும் ஓஎன்டி காட்டும் ஒளியளவையும் எழுதினால், வரம்பை எங்கே நிறுத்துவது என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.